கிளையை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு,

செர்ரி பூக்கும் நாட்களில் ரொறன்ரோ ஹை பார்க்குக்குள் கார்களுக்குத் தடை என்ற செய்தி கண்டேன். நல்ல முடிவு. ஆனால், 1959இல் டோக்கியோ மக்களின் அன்பளிப்பாக அங்கே வேரூன்றத் தொடங்கிய மரங்களுக்குக் காரைவிடக் கைப்பேசிதான் பெரிய தொல்லை. கிரெனடியர் குளத்துக்கு இறங்கும் சரிவில், தாழ்ந்த கிளையொன்றில் குழந்தையை உட்காரவைத்து ஒருவர் படமெடுத்தார். அதே கிளைக்காக அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது! (நம்மவர்களும் இருந்தார்கள்.)

அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கோடையிலேயே உருவாகிவிடும். ஒடிந்த கிளையில் அதுவும் போச்சு. ஆகவே, பூக்கும் அந்த ஒரு வாரமாவது முதிய மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தன்னார்வலர்களை நிறுத்தலாம். அறிவிப்புகளைத் தமிழிலும் வைக்கலாம்.

– வாசகர், ஸ்காபரோ