காற்றுக்காலம்: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து கொடைக்கானல் மேல்மலையில் காற்று ஓயவே இல்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கன்னம் வெடித்து, உதடு காய்ந்து வந்து நிற்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புங்கள், அது போதும். நான் எழுத வந்தது வேறொரு விஷயம்.

சில நாட்களாக முதல் பாடவேளையில் நாலைந்து பிள்ளைகள் பெஞ்சில் தலை கவிழ்ந்தே கிடக்கிறார்கள். கேட்டால் தலைவலி என்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குமட்டுகிறது என்று வெளியே ஓடினாள். காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை. இடைவேளைக்கு மைதானத்தில் ஓடியாடி வந்தால் முகம் தெளிந்துவிடுகிறது. வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ராத்திரி காற்றுக்காகக் கதவு, ஜன்னலெல்லாம் அடைத்து, இடுக்கில் பழைய துணியைத் திணித்து, இரும்புச் சட்டியில் கரியைக் கனலவிட்டு அறைக்குள்ளேயே வைத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

தயவுசெய்து இதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கரி நன்றாகச் சிவந்துவிட்டால் புகை வராது. அதனால்தான் பயமில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் புகையில்லாத அந்தக் கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக. முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் ஒரே அசதி. தூக்கத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். அடைத்த அறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

சமையற்கட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கப் போகுமுன் சட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மேலே சாம்பல் மூடினாலும் உள்ளே கனல் இருக்கும். குளிர் தாங்காத பாட்டி, தாத்தாவுக்கு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைக்கலாம். பிள்ளைகளுக்குக் காலுறையும் கம்பளிக் குல்லாவும் போட்டு ஒரே போர்வைக்குள் படுக்க வையுங்கள். கேஸ் கீசர் இருக்கிற குளியலறையை முழுக்க அடைத்துக்கொண்டு குளிக்க விடாதீர்கள், அதிலும் இதே வாயுதான்.

வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். யாராவது எழுப்பியும் எழவில்லை என்றால் வெளியே தூக்கி வந்து 108-க்கு அழையுங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. அரசு கொடுத்த கம்பளிச் சட்டை ஈரமாக இருந்தால் அதைப் போட்டு அனுப்பாதீர்கள். ஈரத்துணியில் காற்று பட்டால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். எந்த நிறத்து ஸ்வெட்டர் போட்டு வந்தாலும் இந்த மாதம் யாரும் கேட்க மாட்டோம். காலை வழிபாட்டை வகுப்பறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

நடந்து வரும் பிள்ளைகள் யூகலிப்டஸ் காட்டு வழியாகக் குறுக்கே வர வேண்டாம், சுற்று என்றாலும் ரோட்டிலேயே வரட்டும். மழையில் மண் இளகி நிற்கிற மரங்களைக் காற்று எளிதாகச் சாய்த்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரம் விழுந்து ரோடெல்லாம் அடைபட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அறுந்து கிடக்கும் மின்கம்பியின் பக்கத்தில் போகாமல் 94987 94987 என்ற மின்வாரியப் புகார் மைய (மின்னகம்) எண்ணுக்குச் சொல்லுங்கள். காற்று ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில்தான் உறைபனி விழும். மறுநாள் காலை புல்லும் பாதையும் வழுக்கும், பனிமூட்டத்துக்குள் காட்டுமாடு நிற்பதும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில் வெயில் வந்த பிறகு அனுப்பினால் போதும். தாமதம் என்று வருகைப்பதிவில் குறிக்க மாட்டோம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை உணவை எடுத்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பூண்டு, கேரட் வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுகிற பெற்றோர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகளையே சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். போர்வை போதாத வீடு எதுவாக இருந்தாலும் தயங்காமல் என்னிடமோ வகுப்பாசிரியரிடமோ ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், ஏற்பாடு செய்து தருகிறோம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை பள்ளியில்தான் இருப்பேன். நேரில் வந்தும் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்