டிக்கியில் ஜெனரேட்டர் வேண்டாம், கம்பெனியே இன்ஜின் வைத்துத் தரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்சார காரில் ஒரு பெட்ரோல் இன்ஜினைச் சேர்த்து ஹைப்ரிட் (பேட்டரி, பெட்ரோல் இரண்டையும் வைத்து ஓடும் வண்டி) ஆக்கிவிடலாம் என்று இப்போது நிறைய பேர் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். டிக்கியில் ஜெனரேட்டரை வைத்து ஓட்டிக் காட்டும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "நமக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்கிறார்கள். வழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுவோமோ என்ற அவர்களுடைய பயம் நியாயமானது, ஆனால் செய்யச் சொல்கிற வேலை உயிருக்கு ஆபத்தானது. அதனால்தான் இந்தக் கடிதம்.

யோசனையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் லோனர் கம்பெனிக்காக மின்சார வண்டியைச் செய்து காட்டிய ஃபெர்டினாண்ட் போர்ஷே, பேட்டரி வெகுதூரம் தாங்காது என்று தெரிந்ததும் அதே மாதிரி வண்டியில் இரண்டு சிறிய பெட்ரோல் இன்ஜின்களையும் ஜெனரேட்டர்களையும் பொருத்திவிட்டார். சக்கரத்தைச் சுழற்றியது அப்போதும் மோட்டார்தான், இன்ஜினுக்குக் கரண்ட் உண்டாக்குவது மட்டும்தான் வேலை. பிறகு 1990-களில் கலிபோர்னியாவில் ஏசி புரொப்பல்ஷன் என்ற கம்பெனி 500 சிசி பைக் இன்ஜினை ஒரு சின்ன டிரெய்லரில் ஏற்றி, 20 கிலோவாட் தரும் ஜெனரேட்டராக்கி, தங்கள் மின்சார காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியூர் போகும்போது மாட்டிக்கொள்ளலாம், ஊருக்குள் ஓட்டும்போது வீட்டிலேயே விட்டுவிடலாம். எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான்.

அப்புறம் 2013-ல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3. அதில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் (பேட்டரி தீரும்போது கரண்ட் தந்து கூடுதல் தூரம் ஓடவைக்கும் இன்ஜின்) வைத்த மாடலில் 647 சிசி ஸ்கூட்டர் இன்ஜின், 25 கிலோவாட், 9 லிட்டர் டேங்க். இதற்காக வண்டியின் எடை 120 கிலோ கூடியது. பின்பக்கம் மோட்டாருக்குப் பக்கத்தில் இன்ஜினுக்கு இடம் விட்டு, புகைக்குழாய் எங்கே, ரேடியேட்டர் எங்கே, டேங்க் எங்கே என்று முதலிலேயே யோசித்துச் செய்த வண்டி அது. அப்படி இருந்தும் அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் பேட்டரி கிட்டத்தட்ட தீர்ந்த பிறகுதான் இன்ஜின் கிளம்பும் என்று வைத்திருந்ததால், நீளமான மலை ஏற்றத்தில் வேகம் விழுந்து வண்டி திணறியது என்று ஓட்டியவர்கள் புகார் சொன்னார்கள். 25 கிலோவாட்டுக்கே அந்த நிலைமை என்றால், கடையில் வாங்கும், இரண்டு, இரண்டரை கிலோவாட் மட்டுமே தரும் 3 கேவிஏ ஜெனரேட்டரை நம்பி ஏற்காடு மலை ஏற முடியுமா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கே ஓடும் மின்சார கார்கள் பைபாஸில் 80, 90-ல் போனால் ஒரு மணி நேரத்துக்கு 12-லிருந்து 15 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்) வரை இழுக்கும். அந்த ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் முழு லோடில் கத்தினாலும் தருவது இரண்டு, இரண்டரை யூனிட்தான். அதாவது சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கிடைக்கும். பெட்ரோல் செலவும் மிச்சமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது, சின்ன ஜெனரேட்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும், பேட்டரியில் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போய்விடும், கடைசியில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் வந்தால் பெரிய விஷயம். சாதாரண பெட்ரோல் காரே அதைவிட நன்றாகத் தருகிறதே, இதற்கு எதற்கு மின்சார கார்?

இதைவிட மோசமானது ஒயரிங்கில் செய்கிற வேலை. காரோடு வரும் சார்ஜரை ஜெனரேட்டரில் செருகினால் பல நேரம் பச்சை விளக்கு வராது, சிவப்புதான் மின்னும். ஜெனரேட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்காது, எர்த் கிடைக்கவில்லை என்று சார்ஜர் நின்றுவிடும். உடனே ஒரு துண்டு ஒயரை எடுத்து பிளக்குக்குள் இரண்டையும் முறுக்கிவிடுகிறார்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பது முறையாகச் செய்தால் தப்பில்லை, ஆனால் இவர்கள் முறுக்கின ஒயர் குலுங்குகிற டிக்கிக்குள், பெட்ரோல் டேங்குக்கு அரை அடி தள்ளி ஆடிக்கொண்டிருக்கும். அதோடு விடுவதில்லை. சார்ஜ் கேபிள் செருகியிருக்கும்வரை வண்டி 'டி'-யில் (முன்னால் ஓட்டும் கியர்) விழாது, கேபிளோடு யாரும் கிளம்பிவிடக் கூடாது என்று கம்பெனி வைத்த பூட்டு அது. அந்தப் பூட்டையே பைபாஸ் பண்ணித் தரச் சொன்னார் ஒருவர், முடியாது என்று அனுப்பிவிட்டேன். இன்னொருவர் சார்ஜரே வேண்டாம், பேட்டரிக்குப் போகும் ஆரஞ்சு கேபிளில் நேராகக் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்தக் கேபிளில் ஓடுவது 300, 400 வோல்ட் டிசி. தொட்டால் ஆளை விடாது.

புகையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. டிக்கியில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும், டிக்கிக் கதவைத் திறந்து வைத்தாலும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தயவுசெய்து இதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நாமாக மாற்றக் கூடாது. பெட்ரோல் வண்டிக்கு அங்கீகரித்த சிஎன்ஜி கிட் போடலாம், மின்சார கிட் கூடப் போடலாம், அதற்கெல்லாம் விதி இருக்கிறது. பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார வண்டியில் ஜெனரேட்டரைக் கட்டினால் வாரண்டியும் போகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிப்பார்.

சரி, அப்படியானால் மக்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள்? ராத்திரி பத்து மணிக்குக் குடும்பத்தோடு பங்கில் போய் நின்றால் சார்ஜர் இருக்கிறது, வேலை செய்யவில்லை. வேலை செய்கிற இடத்தில் இருக்கிற ஒரே சார்ஜிங் கன்னுக்கு மூன்று வண்டி காத்திருக்கிறது. இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டவர் ஜெனரேட்டர் விலை விசாரிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் மத்திய அரசு மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 வேகமான சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டில் எத்தனை வந்தன, இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன என்று பங்க் வாரியாக அன்றன்றைக்கு வெளியிட வேண்டும். பெட்ரோல் பம்ப் பழுதானால் அன்றைக்கே ஆள் வருகிறார், சார்ஜருக்கும் அப்படி வரட்டும்.

கார் கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மஸ்தா 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் 17.8 யூனிட் பேட்டரியோடு 830 சிசி ரோட்டரி இன்ஜினையும் 50 லிட்டர் டேங்கையும் வைத்துக் கொடுத்துவிட்டது. சீனாவில் இந்த வகை வண்டிகள் சக்கைப்போடு போடுகின்றன. இங்கே ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் ஊருக்குள் பெரும்பாலும் மோட்டாரில்தான் ஓடுகிறது, ஆனால் அதை வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் செய்ய முடியாது. வீட்டில் சார்ஜ் போட்டு தினமும் 60, 70 கிலோமீட்டர் கரண்டில் ஓடி, ஊருக்குப் போகும்போது மட்டும் சின்ன இன்ஜின் கைகொடுக்கும் ஒரு வண்டியை நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில் கொண்டுவாருங்கள்.

அது வரும்வரை போக்குவரத்துத் துறை சும்மா இருக்கக் கூடாது. மின்சார காரில் ஜெனரேட்டரோ இன்ஜினோ பொருத்துவது குற்றம் என்று ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்டட்டும், காசுக்காகச் செய்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப்புகள் மீதும் நடவடிக்கை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக், சேலம்