விரல் உரசும் சத்தம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகாதே.

நான் மூன்று மாதமாகப் பிரெயில் கற்றுக்கொண்டிருக்கிறேன், பார்வையில்லாதவர்கள் மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் எழுத்து. சொல்லித்தருபவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர், நம்மைவிடச் சின்னவர். எழுத்தெல்லாம் மனப்பாடம் ஆனதும் பெருமையாக ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். "கண்ணாலதானே படிச்சீங்க?" என்றார். தாளில் விரல் உரசும் சத்தமே கேட்கவில்லையாம்!

கண்ணை மூடினால் எல்லாம் மணல். ஒவ்வொரு புள்ளியாக அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. விரலை நிறுத்தி அழுத்தினால் ஒன்றும் பிடிபடாது. லேசாக வைத்து, இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வலது கை வரியை முடிக்கும்போதே இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கிறது. நான் இன்னும் வரி மாறும்போது தொலைந்துபோகிறேன்.

ஓர் எழுத்துக்கான சின்னக் கட்டத்துக்குள் ஆறே புள்ளி, மேலிருந்து கீழாக மும்மூன்றாய் இரண்டு வரிசை. இடது மேல் புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. கூடவே இடது கீழ்ப் புள்ளியும் இருந்தால் 'க'. இப்படி 63 வடிவங்கள். இதற்கு முன் ஷார்ல் பார்பியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி தன் தடவிப் படிக்கும் எழுத்தில் கட்டத்துக்கு 12 புள்ளி வைத்திருந்தார். விரல் நுனிக்குள் அடங்காது. அதை ஆறாக்கியபோது லூயி பிரெயிலுக்கு வயது 15. அந்த வயதில் நாம் செய்ததை எழுதி என் மானத்தை வாங்காதே.

தமிழில் ஒரு வசதி பார். 'கொ' என்று அச்சில் போட முன்னால் கொம்பு, பின்னால் கால். பிரெயிலில் முதலில் க, அப்புறம் ஒ, அவ்வளவுதான். 'க்' மட்டும் குறும்பு: மெய்ப்புள்ளியின் குறி முன்னால் வந்துவிடும்.

போன்தான் படித்துக்காட்டுகிறதே, இனி இது எதற்கு என்று கேட்டிருந்தாய். அதையே அவரிடமும் கேட்டேன். அவரும் நாள் முழுக்கப் போனைக் கேட்பவர்தான். "மரம், மறம், ரெண்டும் போன்ல ஒண்ணுதான். எந்த ர-ன்னு விரல்தான் சொல்லும்" என்றார். போனோடு இணைக்கிற ஒரு கருவியும் வைத்திருக்கிறார். குட்டி ஊசிகள் எழுந்தும் அமுங்கியும் வரி வரியாகப் பிரெயில் ஆகின்றன. தனக்கு வரும் கடிதத்தை ஊர் கேட்கப் படிக்கவிட வேண்டாம் பார்.

இதோடு ஒரு தடித்த தாளும் எழுத்துப் பட்டியலும் வைத்திருக்கிறேன். தாளின் பின்பக்கம், வலமிருந்து இடமாக, ஊசியால் குத்தி எழுதியது. இரண்டாம் வரியில் ஒரு புள்ளி அதிகம். நகத்தால் தேய்த்தும் போகவில்லை, பொறுத்துக்கொள். விளக்கை அணைத்துவிட்டுத் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறேன் என்று பதில் போடு.

அன்புடன்,
ரவி