தம்பிக்கு, கூடுவாஞ்சேரியிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். லிஃப்ட் இந்த வாரமும் ஓடவில்லை. நீ ஃபோன் பண்ணி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலை அதிகம் என்று தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு. டெல்லிக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே.

எங்கள் கட்டட விஷயமாக பில்டர் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டிருப்பது உன் காதுக்கு வந்திருக்கும். தனித்தனியாகப் போயிருந்தால் ஜில்லா நுகர்வோர் ஆணையத்தோடு முடிந்திருக்கும். எல்லா வீட்டுக்காரர்களுக்குமாகச் சேர்த்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35(1)(சி)-யில் போட்டதால், எல்லோர் பணத்தையும் கூட்டினால் 2 கோடியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அதனால் நேரே உங்கள் ஊர் தேசிய ஆணையம்.

பில்டரின் பதில் மனு வந்துவிட்டது. 30 நாள், கேட்டு வாங்கினால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டதே, சரியாக 45-வது நாள் தாக்கல் ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து முடிக்கும் ஒருவன் ஞாபகம்தான் வந்தது.

நல்ல மனு, சும்மா சொல்லக்கூடாது. எத்தனையோ வருஷம் கோர்ட்டில் கேஸ் கட்டு பார்த்தவன் சொல்கிறேன். முதல் ஆட்சேபணையே பிரிகேட் என்ற கட்டுமானக் கம்பெனி வழக்கில் வந்த 2021 தீர்ப்பு. பெங்களூரில் 1,134 வீட்டில் 51 வீட்டை வாங்கியவர்கள் எல்லோருக்குமாகப் பேச வந்தார்கள், எல்லோருக்கும் ஒரே குறைதான் என்று காட்டவில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த 51 வீட்டுக்காரர்களும் தங்களுக்காகக் கூட்டாக வழக்கு நடத்தலாம் என்று அதே தீர்ப்பு விட்டதே, அது மட்டும் மனுவில் காணோம். இருக்கட்டும், அதை எடுத்துச் சொல்வது எங்கள் வக்கீல் வேலை.

அப்புறம் எங்களைப் பிரித்துப் பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் நுகர்வோரே இல்லை, வியாபாரிகள். சாவி வாங்கும்போது ஆட்சேபம் எழுதாதவர்கள் இப்போது வாய் திறக்கக்கூடாது. கடைசித் தவணையைத் தாமதமாகக் கட்டியவர்களுக்குக் கட்டடம் தாமதமானதைப் பற்றிக் கேட்க அருகதை இல்லை. இந்த மூன்றாவது பட்டியலில் உன் அப்பா பெயர் இருக்கிறது, ஃபிளாட் நம்பரோடு. அந்த மூன்று மாதம் ஏன் தள்ளிப்போனது என்று பில்டருக்குத் தெரிய வழியில்லை. உனக்குத் தெரியும்.

வக்காலத்து போட்டிருக்கும் ஆபீஸ் பெயரையும் பார்த்தேன். பெரிய ஆபீஸ். எத்தனையோ வக்கீல்கள் இருப்பார்கள், யார் மேஜையில் எந்தக் கட்டோ. சங்கத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. “உங்க பையன் டெல்லியில வக்கீல்தானே சார், ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்கிறார் செயலாளர். அவனுக்கு நேரமே இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கம்பெனிக்கு வக்கீலாகப் போவது தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மேகி நூடுல்ஸ் விஷயத்தில் அரசாங்கமே கம்பெனியிடம் 640 கோடி கேட்டு 2015-ல் இதே தேசிய ஆணையத்துக்குப் போனது, 2024-ல் தள்ளுபடி. ‘பார்த்தாயா, அவர்கள் பக்கமும் கேட்டால்தான் தெரியும், நம் பையன் செய்வது அந்த வேலைதான்’ என்று அம்மாவிடம் அன்றைக்கு நான்தான் வாதாடினேன். உன் பெயர் வந்த தீர்ப்புகளையெல்லாம் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் காட்டுவேன். இப்போது கொஞ்ச நாளாக யாரிடமும் காட்டவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டு கைக்கு வந்ததும் முதலில் தரப்பினர் பெயர்களைப் படி. சட்டப் பாயின்ட் அப்புறம். இணைப்பில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களையும் விடாதே. எங்கள் கோர்ட்டில் ஜூனியர்களுக்குச் சொல்வதுதான், உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் படி.

தண்ணீர் இன்னும் லாரியில்தான் வருகிறது. மாடிக்கு ஏறுமுன் அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? எங்கள் வாய்தாவும் அந்த வாரத்தில்தான். அந்த வாரம் கேஸ் இருக்கிறது, வர முடியாது என்றால் அம்மாவிடம் நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிவிடு. என்ன கேஸ் என்று கேட்பாள். அதையும் நீயே சொல்.

அப்பா