எஃகின் பெயரோடு கடினத்தன்மை எண்ணையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நுகர்வோர் பக்கத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு மடக்குக் கத்திகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எஃகின் பெயரைக் கொண்டு கத்திகளை வரிசைப்படுத்தி, மேலே போகப் போக விலை ஏறுவது நியாயமே என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எஃகுக் கருவிகளுக்குப் பதமேற்றும் உலைகளின் முன்னால் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்த வரிசையை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

எஃகின் பெயர் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அதை எவ்வளவு சூட்டில் எத்தனை நேரம் வைத்தார்கள், எவ்வளவு விரைவாகக் குளிரவைத்தார்கள், பிறகு நொறுங்காமலிருக்க என்ன மிதச் சூட்டில் மீண்டும் வாட்டி டெம்பர் செய்தார்கள் என்பதெல்லாம் பெயரில் இல்லை. துருப்பிடிக்காத கத்தி எஃகுகளில் பலவற்றை ஏறத்தாழ 1,050 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். சூடு குறைந்தால் போதிய கார்பன் கரையாது. அலகு மென்மையாகவே நின்றுவிடும். சூடு மிஞ்சினால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பருத்து, வாய், அதாவது வெட்டும் விளிம்பு, எளிதில் சில்லு பெயரும். குளிரவைப்பதில் தாமதித்தால் துருவை எதிர்க்கும் திறனும் குறையும். ஒரே களிமண்ணில் வனைந்தாலும் சூளையில் வேகாத பானை தண்ணீரில் கரைந்துதான் போகும். கட்டுரையில் சூளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் தங்கை மகன் வாங்கிய கத்தியையே எடுத்துக்கொள்கிறேன். அலகில் ‘டி2’ என்ற எஃகின் பெயரைப் பெரிதாகப் பொறித்திருந்தது. தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். நாலைந்து அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதற்குள் கூர் போய்விடுகிறது என்று குறைப்பட்டான். விளக்கடியில் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்தேன். கூராக இருக்கும் வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. இதில் நடுப்பகுதி நெடுக வெள்ளைப் புள்ளிகள் மின்னின. நகத்தை அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, மறுபக்கம் சிக்கியது. வாய் உடையவில்லை, மடிந்திருக்கிறது. மடிகிறது என்றால் எஃகு மென்மையாக இருக்கிறது.

தொழிற்சாலையில் பட்டைத்தாளில் தேய்க்கும்போது சூடேறி வாய் மட்டும் பதமிழப்பதும் உண்டு. அதனால் புதுக் கத்தியைச் சில முறை தீட்டி, அந்தப் பகுதி தேய்ந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீட்டியும் பார்த்தோம், மாற்றமில்லை. பிறகு என் பழைய பட்டறைக்கு எடுத்துப்போய் ராக்வெல் சோதனைக் கருவியில் வைத்தோம். வைரக் கூம்பு முனையை முதலில் 10 கிலோ சுமையாலும், பிறகு மொத்தம் 150 கிலோ சுமையாலும் அலகின் அடிப்பகுதியில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. டி2 எஃகில் செய்த நல்ல கத்தி 60-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இது 54 காட்டியது. அந்த அளவுகோலில் ஒரு புள்ளி என்பது 0.002 மில்லிமீட்டர். ஆறு புள்ளி குறைந்தால் வைர முனை 0.012 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருக்கிறது என்று கணக்கு. கண்ணுக்கே தெரியாத அந்த ஆழத்தில்தான் அவன் கொடுத்த பணம் போய்விட்டது. ஒன்று அது டி2 எஃகே அல்ல, அல்லது டி2 எஃகைப் பாழாக்கியிருக்கிறார்கள். வாங்கியவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான கத்திகளும் இருக்கின்றன. 420எச்சி என்ற எஃகில் கார்பன் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. கட்டுரையாளரின் பட்டியலில் அது ஏறத்தாழ அடியில் கிடக்கிறது. ஆனால் அமெரிக்காவின் பக் நிறுவனம் பால் பாஸ் என்ற பதமேற்று வல்லுநரின் முறையில் அதே எஃகை 58 வரை கொண்டுவந்து, ஆண்டுக்கணக்காக நல்ல பெயரோடு விற்றுவருகிறது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் தன் அலகுகள் 56 என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உயர்ந்த எண் அல்ல. ஆனால் சொன்ன எண்ணைக் காப்பாற்றுகிறார்கள். வீட்டிலிருக்கும் எந்தத் தீட்டுக்கல்லிலும் அதன் கூர் சில நிமிடங்களில் திரும்பிவிடும். கடிதம் பிரிக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ இதற்கு மேல் என்ன வேண்டும்?

டி2 எஃகில் குரோமியம் 12 விழுக்காடு இருப்பதால் துருப்பிடிக்காது என்று எழுதியிருப்பதும் சரியல்ல. அதில் கார்பன் 1.5 விழுக்காடு இருக்கிறது. அந்தக் கார்பன் குரோமியத்தில் பெரும்பங்கைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினத் துகள்களாக்கிவிடும். கட்டுப்படாமல் எஞ்சியிருக்கும் குரோமியம்தான் துருவைத் தடுக்கும். ஈரக் கையோடு மடக்கிப் பையில் போட்டால் டி2 அலகில் புள்ளி புள்ளியாகக் கறை பிடிப்பது இதனால்தான். சுவீடனின் 14சி28என் எஃகில் கார்பன் 0.62 விழுக்காடுதான், குரோமியம் 14 விழுக்காடு, கூடவே சிறிதளவு நைட்ரஜன். துருவும் பிடிக்காது, கூரும் நிற்கும், விலையும் நடுத்தரம். அன்றாடம் பையில் கிடக்கும் கத்திக்கு நான் முதலில் தேடுவது இதைத்தான். கடையில் ‘440’ என்று எழுத்தில்லாமல் பொறித்திருந்தால் ‘சி’யா என்று கேளுங்கள். 440ஏ எஃகுக்கும் 440சி எஃகுக்கும் கார்பனில் பெரிய இடைவெளி இருக்கிறது. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பொறிப்போ எந்தத் தரத்தையும் குறிப்பதில்லை.

விலை உயர்ந்த எஃகெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எஸ்30வி, எம்390 போன்றவை தூள் உலோகவியல் முறையில் செய்யப்படுபவை. உருகிய எஃகை வாயு அழுத்தத்தால் நுண்துளிகளாகச் சிதறடித்துத் தூளாக்கி, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீண்டும் ஒரே கட்டியாக்குகிறார்கள். துளிகள் நொடியில் உறைந்துவிடுவதால் கார்பைடுகள் பருக்க நேரமில்லை. அலகெங்கும் சீராகப் பரவி நிற்கும். அருமையான வேலை. அந்த எஃகும் விலை, அதைத் தேய்த்து அலகாக்கும் கூலியும் விலை. நாள் முழுவதும் அட்டையும் தரைவிரிப்பும் அறுப்பவருக்கு அது கொடுத்த பணத்துக்கு ஈடாக உழைக்கும். ஆனால் அவற்றில் 4 விழுக்காடு அளவுக்கு வனேடியம் இருக்கிறது. வனேடியம் கார்பைடு, வழக்கமான தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. மழுங்கிய பிறகு அந்தக் கல்லோடு போராடிக் களைத்து, கத்தியைப் பெட்டிக்குள் போட்டு மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரக் கல் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு இறங்குவது நல்லது. ‘ஆயுளுக்கும் தீட்ட வேண்டியதில்லை’ என்று கட்டுரையில் இருந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். அப்படி ஓர் எஃகு இல்லை.

கூர் நிற்கும் காலத்தை அளக்க ஷெஃபீல்டில் உள்ள காட்ரா ஆய்வு நிறுவனத்தின் பெயரால் ஒரு சோதனை இருக்கிறது. 5 விழுக்காடு மணற்சத்து கலந்த அட்டைகளைக் கத்தி அறுக்க அறுக்க, எவ்வளவு ஆழம் வெட்டுகிறது என்று கணக்கெடுப்பார்கள். அந்தச் சோதனையிலும் எஃகைப் போலவே கூர்க்கோணமும் முடிவை மாற்றிவிடும். பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டிய நடுத்தர எஃகு, 25 டிகிரியில் மொட்டையாக விட்ட உயர்ந்த எஃகுக்குச் சளைக்காது. தடிமனும் அப்படித்தான். சிறு கத்திக்கு 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் போதும். 4 மில்லிமீட்டர் அலகு கையில் கனமாகத் தோன்றும். தடித்த அட்டைக்குள் ஆப்பு போல இறுகி நின்றுவிடும்.

எஃகுக்கு முன்பே பணத்தைச் செலவிட வேண்டிய இடம் அலகு சுழலும் அச்சும், விரித்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டும். விரித்த அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. பூட்டு நழுவினால் அறுபடுவது விரல். எஃகுக்காக விலையைக் கூட்டி, இந்த இரண்டில் மிச்சம் பிடித்த கத்திகளை நான் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். அவை கட்டுரையின் பட்டியலில் மேல்வரிசையில் இருப்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அடுத்த முறை இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, எஃகின் பெயருக்குப் பக்கத்தில் கடினத்தன்மை எண், அலகின் தடிமன், கூர்க்கோணம் ஆகிய மூன்றையும் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுத்தால் அந்தக் கட்டத்தில் ‘தரப்படவில்லை’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உலைப் பட்டறை மேற்பார்வையாளர்