கலை மேலாண்மை படித்துவிட்டு வந்தவளுக்கு வழி காட்டியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன மாதம் ஓர் அறக்கட்டளையில் நிகழ்கலைத் திட்டங்களுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். மாதச் சம்பளம், பிஎஃப் எல்லாம் உண்டு. கலை மேலாண்மையில், அதாவது கலை நிகழ்ச்சிகளுக்கும் கலை அமைப்புகளுக்கும் பணம், திட்டம், ஆள் ஏற்பாடு பார்க்கும் படிப்பில், முதுகலை முடித்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொன்னேன், மனசு ஆறவில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்தப் படிப்பை முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "படிச்சாச்சு அக்கா, இனி எங்க போறது?" அதற்கான பதிலை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் நீங்கள்.

நான் படித்தது லண்டனில். அங்கே ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு, அரசுப் பணத்தையும் தேசிய லாட்டரியில் வரும் பணத்தையும் கலை நிறுவனங்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அரங்குகளும் காட்சிக்கூடங்களும் அதை வைத்து ஆள் எடுக்கின்றன. வகுப்பில் படித்த பாதி விஷயம் அந்த ஏற்பாட்டை நம்பி இருந்தது. சென்னைக்குத் திரும்பி வேலை விளம்பரங்களைப் பார்த்தால், என் பட்டத்தின் பெயரில் ஒன்றுமே இல்லை.

முதல் நன்றி, அதே படிப்பை எனக்கு முன்பே முடித்த அக்காவுக்கு. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து மரத்தடியில் உட்கார்த்தி வைத்து, "பட்டத்தோட பேரைத் தேடாத. கலைக்காக யாரெல்லாம் பணமும் தேதியும் பேசறாங்களோ, அங்கெல்லாம் போய் நில்லு" என்றீர்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். கொச்சி முசிறிஸ் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012 முதல் நடக்கிறது. படைப்புகளைக் கொண்டு சேர்ப்பது, காப்பீடு, நிறுவுவது என்று திரைக்குப் பின்னால் வேலை செய்ய ஒரு பெரும் குழுவே தேவை. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறோம், கைவினைஞர்களை அழைத்துப் பயிலரங்கு நடத்தும் ஆட்களைக் கவனிப்பதில்லை. பெங்களூருவில் 1993இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற இடங்களில், கலைத் திட்டங்களுக்கு நல்கை (நிதியுதவி) கொடுத்துவிட்டு அது போகும் போக்கைக் கூடவே இருந்து பார்க்கும் வேலை. தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்கள். பெரிய கம்பெனிகளில் சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்கும் சிஎஸ்ஆர் பிரிவுகள். பாடகர்களுக்கும் நடனக் கலைஞர்களுக்கும் தேதி, பயணம், ஒப்பந்தம் பார்க்கும் மேனேஜர் வேலை. அன்றைக்கு நீங்கள் சொன்னதை இன்றைக்கும் அப்படியே அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா.

அடுத்து, மயிலாப்பூர் ஆடிட்டர் சார். உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். சபாக்களுக்கும் சின்ன டிரஸ்டுகளுக்கும் நீங்கள் கணக்கு எழுதுகிற அந்த மாடி அறைதான் எனக்கு இரண்டாவது கல்லூரி. நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால்தான் வரி. பான் எண் இல்லாதவர்களுக்கு வரிப்பிடித்தம் 20 சதவீதம்வரை போய்விடும். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் மரபுக் கலைகளும் இருக்கின்றன என்று ஏழாவது அட்டவணையைத் திறந்து விரல் வைத்துக் காட்டினீர்கள். சிஎஸ்ஆர் அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தின் நகல் இன்றும் என் பையில் இருக்கும்.

எந்த விழாவின் பட்ஜெட் உங்கள் மேசைக்கு வந்தாலும், சிவப்புப் பேனாவால் அம்பு போட்டுக் கலைஞர் சன்மானத்தை முதல் வரிக்கு ஏற்றுவீர்கள். மண்டப வாடகை, லைட், சவுண்ட், பேனர், சாப்பாடு எல்லாம் அதற்குக் கீழேதான். பணம் குறைந்தால் கீழிருந்து வெட்டு என்பீர்கள். ஒரு விழாவில் வேலை செய்துவிட்டுப் பேசிய தொகை வராமல் நான் மாதக்கணக்கில் அலைந்த சமயம் அது. அந்த அம்புக்குறிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று நான் போடும் எல்லா பட்ஜெட்டிலும் சன்மானம்தான் முதல் வரி.

காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியாருக்கு என் வணக்கம். சென்னை அரங்கில் உங்கள் ஜமாவை (கூத்துக் குழுவை) ஆடவைக்க வேண்டும் என்று கேட்டு வந்தேன். நீங்கள் சம்மதம் சொல்வதற்கு முன்னால், "சீசன் முழுக்க எங்ககூட வா, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். வந்தேன். ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்க வரும்போதெல்லாம் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள். பேச்சு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்துத் தேதி, ஊர், எந்தக் கூத்து, அச்சாரம் எவ்வளவு, வேன் வாடகை, யார் யாருக்கு எவ்வளவு பங்கு, சீசனுக்கு முன்பே யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று எழுதுவீர்கள். மழை வந்து கூத்து பாதியில் நின்றால் என்ன என்பதற்குக்கூட அதில் கணக்கு இருந்தது. ஒப்பந்தம் பற்றி வகுப்பில் மாதக்கணக்கில் படித்தவள் நான். அதன் சாரம் முழுக்க அந்த நோட்டில் இருந்தது.

இன்னொன்றும் உங்களால்தான் விளங்கியது. மார்கழியில் சென்னை சபாக்களுக்கு ஆள் போதாது. தை பிறந்ததும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வற்றிவிடும். கூத்துக்கோ பங்குனி, சித்திரை தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையை ஒட்டிய பாரத விழாக்கள். இரண்டு காலண்டரையும் ஒட்டிப் பார்த்தபோதுதான், நிரந்தர வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கலாம் என்ற தெம்பு வந்தது. குரு–சிஷ்யப் பரம்பரைக்கான மத்திய அரசு மானியத்துக்கு உங்கள் ஜமாவின் விண்ணப்பத்தை எழுதித் தந்ததுதான் நான் எழுதிய முதல் விண்ணப்பம். அதற்கு நீங்கள் கூலி கொடுத்தீர்கள். வேண்டாம் என்றபோது, "வேலை செஞ்சா வாங்கிக்கணும்" என்று கையில் திணித்தீர்கள்.

லைட்டிங் அண்ணா, விடிய விடிய நடக்கும் கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கச் சொன்ன அரங்கத்தாரிடம் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் வாத்தியாரின் ஊருக்கே போய் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துதான், எப்போது எந்த விளக்கு என்று குறிக்கும் க்யூ ஷீட் எழுதினீர்கள். அரிதாரத்தின் சிவப்பும் தோளில் கட்டும் மர அணியான கட்டையின் கண்ணாடிச் சில்லுகளும் எந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும் என்று விளக்குக்கு முன் வைக்கும் வண்ண ஜெல் ஷீட்டை மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். சுவிட்ச் போர்டில் எவ்வளவு லோடு தாங்கும் என்று பார்க்காமல் எந்த மேடைக்கும் சம்மதம் சொல்லக் கூடாது என்பதையும் அன்றே கற்றேன்.

சோழமண்டலம் கலைஞர் கிராமத்து மூத்த ஓவியருக்கும் நன்றி. நான் சோர்ந்துபோயிருந்த நாளில் 1966இன் கதையைச் சொன்னீர்கள். கே.சி.எஸ். பணிக்கரும் இளம் ஓவியர்களும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, அந்தக் கலைஞர் கிராமத்தையே உருவாக்கினார்கள். யாரிடமும் கைநீட்டாமல், வரைய நேரமும் இருக்க இடமும் தேடிக்கொண்டவர்கள். கலை மேலாண்மை என்று நான் படித்ததற்கு, இதைவிடப் பெரிய உதாரணத்தை லண்டனில் யாரும் சொல்லவில்லை.

அம்மா, அப்பா, தம்பி: கல்விக் கடன் தவணை தேதி நெருங்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டினீர்கள். சொந்தக்காரர்கள் "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டபோது, அப்பா அலுக்காமல் விளக்கிச் சொன்னார். இப்போது என்னைவிட நன்றாகவே சொல்கிறார்.

இந்த ஆண்டு படிப்பை முடிப்பவர்களுக்கு: ஆடிட்டர் சார் கற்றுத் தந்த பட்ஜெட் தாளையும், மானிய விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தருகிறேன். மார்கழிக்கு எங்கள் அறக்கட்டளைக்கு மேடைக்குப் பின்னால் நிற்கவும், டிக்கெட் கவுன்டர் பார்க்கவும் ஆட்கள் வேண்டும். சம்பளம் உண்டு, நிகழ்ச்சி முடிந்த வாரமே கணக்கில் ஏறிவிடும். ஐப்பசிக்குள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தங்கை, மாணவி, மகள்