செயலாளரின் ஆண்டறிக்கை: கைக்கெட்டும் தூரத்தில் சவுக்காரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்று வரை நம் குடியிருப்பாளர் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். தீபாவளி மாதம் தவிர மற்ற மாதங்களில் செயலவை தவறாமல் கூடியது. கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். பொங்கல் விழா, மாணவர்களுக்கான கல்வி நிதி, குடியிருப்புப் பூங்காவில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி எல்லாம் வழக்கம்போல நடந்தன. படங்கள் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கின்றன. இந்த ஆண்டு நம் நேரமும் உழைப்பும் பெரும்பாலும் ஒரே காரியத்துக்குப் போயின. அது தன்சுத்தம். ஆகவே இந்த அறிக்கையும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்க வேண்டும் என்று சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் தீர்மானம் வந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றார். "தோட்டத்து லயத்துல ஒரே குழாய்க்கு வரிசையில நின்ன காலத்துலேயே ரெண்டு வேளை குளிச்சவங்க நாங்க. எங்களுக்கா சுத்தம் சொல்லிக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, ஒட்டுப்பால் வாடையோடு வீடு திரும்பிய எங்கள் அம்மா குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. மலேசியாவின் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த நம் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. குளிக்கிற பழக்கம் மட்டும் நம்மிடம் மாறவில்லை. அப்படியானால் குறை எங்கேதான் இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன்.

விடை ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்தது. சாப்பிட்டு எழுந்தவர்கள் கை கழுவும் தொட்டியின் முன்னே வரிசை பிடித்து நின்றார்கள். குழம்பு வாடை போக வேண்டுமே என்று சவுக்காரத்தை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார்கள். பந்தியில் உட்காரும் முன் அதே தொட்டிப் பக்கம் ஆள் இல்லை. வந்த ஒரு சிலரும் விரல் நுனியை நனைத்து உதறிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கச் சவுக்காரம் போடுகிறோம். சாப்பாட்டுக்கு முன், உண்மையில் தேவைப்படும் நேரத்தில், வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறோம். இதைச் செயலவையில் சொன்னேன். சுகாதாரப் பிரிவின் முதல் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

அதே வாரத்தில் நம் வட்டாரத்துப் பாலர் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் கண்டது. 1997-இல் சரவாக்கில் இந்த நோய் பரவிப் பிள்ளைகள் இறந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தாய்மார்கள் பயந்துபோனார்கள். கைத்தூய்மி போத்தல்கள் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சுகாதார கிளினிக்கிலிருந்து வந்த தாதி பொறுமையாக விளக்கினார். கோவிட் கிருமிக்கு ஆல்கஹால் கைத்தூய்மி நன்றாக வேலை செய்யும். அந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது; ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். கை, கால், வாய்ப்புண் கிருமிக்கு அப்படி உறை இல்லை. அதைத் தேய்த்து, தண்ணீரோடு அடித்துப் போக வைப்பதுதான் நம்பகமான வழி. சவுக்காரம் போட்டுக் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகத்தடி எதையும் விடக்கூடாது. பிள்ளை தேறி வந்த பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் அந்தக் கிருமி வெளியேறும் என்பதால், அணையாடை மாற்றிவிடுகிறவர் கை கழுவுவது இன்னும் முக்கியம்.

சரி, கழுவச் சொல்லிவிட்டோம். ஆனால் எங்கே கழுவுவது? அந்தப் பாலர் பள்ளியின் தொட்டி பெரியவர்கள் உயரத்துக்குக் கட்டியது. நான்கு வயதுப் பிள்ளை எக்கினாலும் குழாயைத் திருப்ப முடியாது. சவுக்காரம் அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் துடைக்க ஒரே துண்டு, அதுவும் எப்போதும் ஈரமாகவே தொங்கியது. இதை ஆசிரியைகளின் குறையாக நான் சொல்லவில்லை. யாரும் உட்கார்ந்து யோசிக்காததன் குறை. நம் இளைஞர் பிரிவு சனிக்கிழமை ஒருநாள் பலகையில் படி செய்து வைத்தது. குழாயில் நீண்ட பிடி மாட்டியது. சவுக்காரக் கட்டியை வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் தைத்த சிறு துண்டு ஒன்றை மாதர் பிரிவு தைத்துக் கொடுத்தது. தைத்த அக்காமார்களுக்கு என் தனி நன்றி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி விரட்ட வேண்டியிருக்கவில்லை. படியில் ஏறுவதே அவர்களுக்கு விளையாட்டு.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். சம்பந்தப்பட்ட குடும்பங்களின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன்.

ஆண்டின் நடுவில் நம் குடியிருப்பின் ஒரு வரிசையில் சொறி சிரங்கு வந்தது. மலாயில் குடிஸ் பூத்தா என்பார்களே, அதுதான். முதலில் கண்ட வீட்டில் வெளியே சொல்லவில்லை. "அழுக்குப் பிடிச்ச வீடுன்னு பேசுவாங்க" என்ற பயம். பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டினார்கள், மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தும் அரிப்பு நிற்கவில்லை. அதற்குள் பாட்டிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும், அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த அத்தைக்கும் போய்விட்டது.

சொறி சிரங்கு அழுக்கினால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருகிறது. தோலோடு தோல் சற்று நேரம் ஒட்டியிருந்தால் போதும். பிள்ளையை அணைத்துத் தூங்குகிற எந்த வீட்டுக்கும் வரலாம். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்திருப்பார். ஆகவே அரிக்கிறவர் மட்டும் மருந்து பூசினால் பயனில்லை. வீட்டில் எல்லாரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். அன்றைய துணிகள், படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்; துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எதைப் பூசலாம் என்று மருத்துவரைக் கேட்ட பிறகே பூச வேண்டும்.

இதையெல்லாம் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொண்டு நம் மாதர் பிரிவினர் வீடு வீடாகப் போனார்கள். எல்லா வீட்டுக்கும் போனார்கள், நோய் கண்ட வீட்டுக்கு மட்டும் அல்ல. எந்த வீடு என்று யாரும் விரல் நீட்டக்கூடாது என்பதற்காக. ஒரே வெள்ளிக்கிழமை இரவு அந்த வரிசை முழுவதும் மருந்து பூசியது. அடுத்த வெள்ளியும் பூசியது. அப்புறம் புதிதாக யாருக்கும் வரவில்லை. முதலில் மறைத்து வைத்த அந்தத் தாய்தான் இரண்டாவது வெள்ளியன்று மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டி நினைவுபடுத்தினார். இந்த ஆண்டில் என் மனத்தில் நின்ற காட்சி அதுதான். "அழுக்கு" என்ற ஒரு சொல் அந்த வீட்டைப் பல வாரங்கள் வாய் மூட வைத்திருந்தது. நம் கூட்டங்களிலும் புலனக் குழுவிலும் நோய் வந்த வீட்டைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று செயலவை முடிவெடுத்திருக்கிறது.

திருவிழா அன்னதானத்தில் ஒரு மனவருத்தம் ஏற்பட்டது; அதையும் மறைக்கவில்லை. சமையல் குழுவினரிடம் டைபாய்டு ஊசி போட்டிருக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பக்தியோடு சமைக்கிறவர்கள், "எங்க கை சுத்தமில்லையா?" என்றார்கள். கேட்ட விதத்தில் நம் தவறு இருந்தது. நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தத் தாதியை அழைத்து வந்தோம். அவர் 1847-இல் வியன்னாவில் நடந்ததைச் சொன்னார். பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் மாதம் 100-க்கு 18 பேர். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதை செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கவனித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே இறங்கியது. அப்படியும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. எங்கள் கையா உயிரைக் கொன்றது என்று மனம் புண்பட்டார்கள். சமையல் குழுவின் மூத்தவர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "படிச்சவங்களுக்கே அப்படின்னா, சரி, நாங்க போட்டுக்கிறோம்" என்றார்.

கடை நடத்துகிறவர்களுக்கு 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி ஊசியும் பயிற்சியும் கட்டாயம். நம் சமையல் குழு கடை நடத்தவில்லை, ஆனாலும் ஊரே அவர்கள் கையால் சாப்பிடுகிறது. டைபாய்டு கிருமி நோய் தீர்ந்த பிறகும் சிலருடைய உடம்பில் தங்கியிருக்கும். அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, அவர் பிசைந்த மாவில் போய்ச் சேரும். ஊசியின் பலன் மூன்றாண்டு. ஆகவே யார் எப்போது போட்டார்கள் என்பதற்கு இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வயிற்றுப்போக்கு இருக்கிறவர் அன்றைக்குக் காய்கூட வெட்டாமல் பந்தல் வேலைக்குப் போவது என்பதும் அவர்களே எடுத்த முடிவு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் பாதிதான் செய்திருக்கிறோம். இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் மாதவிடாய் நாளில் காலையில் வைத்த அட்டையை (நாப்கினை) பள்ளி முடிந்து வீடு வரும்வரை மாற்றுவதில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, என்ன செய்வார்கள்? துணிப்பையில் அட்டை, உள்ளாடை, பழைய நாளிதழ், சிறு சவுக்காரம் வைத்துக் கொடுத்தோம். தாழ்ப்பாளுக்கும் தொட்டிக்கும் இரண்டு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தோடு பெற்றோர்கள் நேரில் போவதாக இருக்கிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் அப்பாமார்களும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது தாய்மார்கள் மட்டும் கிசுகிசுப்பாகப் பேச வேண்டிய காரியம் இல்லை.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் சிலரும் நம் சுகாதார முகாமுக்கு வந்தார்கள். எலிச்சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போய்க் காய்ச்சல் தரும் என்பதையும், பூட்ஸ் போடாமல் ஈரக் காட்டில் நடக்கக் கூடாது என்பதையும் அவர்களுக்கு விளக்கினோம். மருந்து தெளிக்கிறவர்கள் அன்றைய சட்டையைக் குடும்பத் துணியோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது என்பதை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். இளமையில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தெளித்தவர் அவர். அந்த மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. அதற்குள் அவர் கை நகங்கள் எத்தனை முறை கழன்று விழுந்தன என்று அவர் சொல்லக் கேட்டு எல்லாரும் அமைதியானோம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர் போகிறது. ஆனாலும் 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு சுத்திகரிப்பு நிலையங்களை மூடியபோது எத்தனை வீடுகள் வாளியோடு அலைந்தன என்பதை நாம் மறக்கவில்லை. இந்த ஆண்டும் தண்ணீர் தடைபட்ட நாளில், இருந்த நீரைச் சோற்றுக்கும் குளியலுக்கும் வைத்துக்கொண்டு முதலில் விட்டுவிட்டது கை கழுவுவதைத்தான். ஆகவே அடிப்பக்கம் குழாய் பொருத்திய தோம்பு (பீப்பாய்) சிலவற்றை வாங்கி, தனியாக வாழும் முதியோர் வீடுகளில் வைத்தோம். தோம்பில் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு சுவரில் முட்டையிடும், அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. இதைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இளைஞரை நியமித்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. ஒன்று, கோவில் மண்டபத்தில் பந்திக்குள் நுழையும் வாசலிலேயே கை கழுவும் தொட்டி ஒன்று கட்ட நிதி. இப்போதுள்ள தொட்டி பந்தியை விட்டு வெளியேறும் பக்கம் இருக்கிறது. மற்றொன்று, ஆண்டு முழுதும் அந்த இரண்டு தொட்டிகளிலும் சவுக்காரம் தீராமல் இருக்கத் தனி ஒதுக்கீடு. கடந்த மாதங்களில் தீர்ந்த போதெல்லாம் தலைவரும் பொருளாளரும் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி வைத்தார்கள். அது தொடர்வது முறையல்ல.

சுகாதார கிளினிக் தாதியர்க்கும், படி செய்த இளைஞர்களுக்கும், துண்டு தைத்த மாதர் பிரிவுக்கும், இரண்டு வெள்ளிக்கிழமையும் நம்மை நம்பிக் கதவு திறந்த அந்த வரிசைக் குடும்பங்களுக்கும் நன்றி சொல்லி, இந்த அறிக்கையையும் இரண்டு கோரிக்கைகளையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மதிய உணவு தயாராக இருக்கிறது. புதுத் தொட்டி வரும்வரை, பந்தி வாசலில் ஒரு தோம்பும் சவுக்காரமும் வைத்திருக்கிறோம்.

செயலாளர்